ஏழாவது கையெழுத்து

வெள்ளம் வடிந்தபின் தாமிரவருணிக் கரையில் பலர் உதட்டில் ஒரே கேள்வி: ‘நாமும் ஒரு டிரஸ்ட் ஆரம்பித்தால் என்ன?’ அதே கரையில் முன்பே ஆரம்பித்தவர்களின் சரித்திரத்தில் அதற்கு விடை இருக்கிறது.

2023-ஆம் வருஷம் டிசம்பர் 17-ஆம் தேதி இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பிரயாணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனுக்கு வந்து நின்றது. அதற்கப்பால் போக வழியில்லை. செய்துங்கநல்லூர்ப் பக்கம் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் வாரிக்கொண்டு போய்விட்டபடியால், இருப்புப் பாதை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய சமயம் அது. பிரயாணிகளில் ஒரு பகுதியாரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அந்த வழியும் அறுந்துபோகவே, எஞ்சியவர்கள் குழந்தைகளோடும் முதியவர்களோடும் நாற்புறமும் தண்ணீர் சூழ்ந்த ரயில் பெட்டிகளிலேயே அடைபட்டுக் கிடந்தார்கள். மத்திய மீட்புப் படையும் ஹெலிகாப்டரும் 19-ஆம் தேதி வந்து சேர்ந்தன. அதுவரையில் அவர்களுடைய பசியை ஆற்றியவர்கள், தங்கள் ஊரே வெள்ளத்தில் தத்தளித்துக்கொண்டிருந்த போதிலும் வீட்டுக்கு வீடு அரிசி திரட்டிக் கோயிலில் அடுப்பு மூட்டிச் சோறு பொங்கிய, பக்கத்துப் புதுக்குடி ஜனங்களே.

அந்த அடுப்புக்குத் தலைவர் இல்லை, காரியதரிசி இல்லை, பொருளாளர் இல்லை. யார் எத்தனை படி அரிசி கொடுத்தார்கள் என்று எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகமும் இல்லை. அது தேவையாகவும் இல்லை.

வெள்ளம் வடிந்தது. சேறு அள்ளிய கைகளும், பொட்டலம் கட்டிய கைகளும், கேட்ட மாத்திரத்தில் பணம் அனுப்பிய தூரதேசத்து உறவினரின் கைகளும் சும்மா இருக்க மனமில்லாமல் இருந்த அந்த வேளையில், வண்ணாரப்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும் ஏரலிலும் டீக்கடை பெஞ்சுகளில் ஒரு பேச்சு எழுந்தது: “அண்ணாச்சி, இதை ஒரு டிரஸ்டாப் பதிஞ்சிட்டா என்ன?” நல்ல கேள்விதான். ஆனால் மூன்று நாள் எரிந்த அடுப்புக்கும் முப்பது வருஷம் நடக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையே உள்ள தூரம், அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தோன்றுவதைவிட மிக அதிகம்.

கொடைக்குப் பேர்போன சீமை

இந்தச் சீமைக்குத் தர்மம் புதிதன்று. பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிறவர்கள் ஓடத்துக்குக் காத்துக் கிடந்து அவதிப்பட்ட காலத்தில், கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தேதாராக இருந்த சுலோசன முதலியார், ஏறத்தாழ 50,000 ரூபாயைத் தம் சொந்தப் பொறுப்பில் செலவிட்டுத் தாமிரவருணியின் மேல் 11 வளைவுகள் கொண்ட பாலத்தைக் கட்டுவித்தார். 1843-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் மேல்தான் இன்றைக்கும் நம்முடைய பஸ்கள் ஓடுகின்றன. அது ஒரு தனவந்தரின் தனிக்கொடை; அவருக்குப் பின் அதை நடத்த ஒரு கமிட்டி தேவைப்படவில்லை. கல்லுக்குச் சோறு போட வேண்டியதில்லை அல்லவா?

மனிதருக்குச் செய்யும் தர்மம் வேறு வகையானது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் ரேனியஸ், மதம் மாறியதற்காகக் குடியிருந்த மனையையும் உழுத நிலத்தையும் இழந்து நின்ற ஏழைக் குடும்பங்களைக் கண்டு, 1830-இல் ‘தர்ம சங்கம்’ என்ற பெயரில் ஒரு ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். அது தானியம் கொடுக்க ஏற்பட்ட சங்கமன்று; நிலம் வாங்கவும், அந்த நிலத்தில் யாரும் விரட்ட முடியாதபடி ஜனங்களைக் குடியேற்றவும் ஏற்பட்ட சங்கம். மதப் பிரசாரமும் அதில் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. எனினும், ஏழைக்கு இன்று தேவைப்படுவது கஞ்சியாக இருந்தாலும் என்றைக்கும் தேவைப்படுவது காலூன்ற ஓர் இடமே என்பதைக் கிட்டத்தட்ட இருநூறு வருஷங்களுக்கு முன்பே ஒரு சிறு சங்கம் கண்டுகொண்டது என்பதை, மதப்பற்று எதுவாயினும், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதன்பின் வந்தவை பல. 1890-இல் ஆஸ்க்வித் என்ற ஆங்கிலேயப் பெண்மணி பாளையங்கோட்டையில் பார்வையற்ற ஒரு பையனுக்கு எழுத்துக் கற்பிக்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்ததுதான் அங்குள்ள பார்வையற்றோர் பள்ளி. ஒரே ஒரு மாணவனோடு ஒரு ஸ்தாபனம் ஆரம்பமாகலாம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியம் வேண்டியதில்லை. ஸ்வெயின்சன் அம்மையாரின் காது கேளாதோர் பள்ளியும் அந்தப் பத்தாண்டிலேயே அங்கு உதித்தது. களக்காட்டுக்குத் தெற்கே டோனாவூரில், அயர்லாந்துப் பெண்மணி ஏமி கார்மைக்கேல் 1901 முதல் பெண் குழந்தைகளுக்குப் புகலிடம் நடத்தியபோது, எவரிடமும் பணம் கேட்பதில்லை என்பதையே விரதமாகக் கொண்டிருந்தார். அந்த விரதம் எல்லாருக்கும் பலிக்கும் என்று நாம் சொல்ல மாட்டோம். ஐரோப்பாவில் படித்தறிந்த நண்பர் கூட்டமும், அவர்கள் விரும்பிப் படிக்கும் புத்தகங்களை எழுதும் பேனாவும் அந்த அம்மையாருக்கு இருந்தன.

---
பெட்டிச் செய்தி: தாமிரவருணிச் சீமையின் தர்ம வரலாற்றில் சில வருஷங்கள்

1830 – பாளையங்கோட்டையில் ரேனியஸின் தர்ம சங்கம்.
1843 – சுலோசன முதலியார் பாலம் திறப்பு.
1890 – பார்வையற்றோர் கல்வி ஆரம்பம், பாளையங்கோட்டை.
1901 – டோனாவூர்ப் புகலிடத்தின் ஆரம்பம்.
1981 – ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம்.
1988 – திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை.
1998 – ஸ்ரீவைகுண்டம் கல்லூரி நூலகர் கல்யாணசுந்தரத்தின் ‘பாலம்’ அமைப்பு, சென்னையில்.
2018 – தேவையற்ற பொருளை வைத்துவிட்டுப் போகவும், தேவையானவர் எடுத்துப் போகவும் திருநெல்வேலியில் மாவட்ட நிர்வாகம் ஏற்படுத்திய ‘அன்புச் சுவர்’.
---

நூலகரின் சம்பளம்

செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்ற அதே ஸ்ரீவைகுண்டத்தில், குமரகுருபர சுவாமிகள் பிறந்த அந்த ஊரில், அவர் பெயரால் விளங்கும் கலைக் கல்லூரியில் 35 வருஷங்கள் நூலகராக உத்தியோகம் பார்த்தவர் கல்யாணசுந்தரம். நெல்லை மாவட்டத்து மேலக்கரிவேலங்குளத்தில் பிறந்த இவர், 1962-இல் சீன யுத்தத்தின்போது, மாணவராக இருக்கையிலேயே, கழுத்தில் கிடந்த தங்கச் சங்கிலியைக் கழற்றி முதலமைச்சர் காமராஜரிடம் யுத்த நிதிக்குக் கொடுத்தவர். உத்தியோகம் கிடைத்தபின், தம்முடைய மாதச் சம்பளத்தை ஏழைக் குழந்தைகளின் படிப்புக்கும் உணவுக்கும் ஈந்துவிட்டு, தம் வயிற்றுக்கு வேண்டியதை ஓட்டலில் வேலை பார்த்துச் சம்பாதித்துக்கொண்டார் என்றால், கதையில் வரும் மனிதரைப் போல் அவர் நமக்குத் தோன்றுவதில் வியப்பில்லை. 2023-இல் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. அவருக்குக் கிடைத்ததாகச் சொல்லப்படும் சர்வதேசப் பட்டங்களின் நீண்ட பட்டியல் ஒன்றும் உலவுகிறது. நாம் அதில் இறங்கப் போவதில்லை. சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொடுத்தவருக்குப் பட்டம் எதற்கு?

இவருடைய சரித்திரத்தில் நம்முடைய கேள்விக்குப் பொருத்தமான பகுதி ஒன்று உண்டு. உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் அவர் ஸ்தாபனம் எதையும் தோற்றுவிக்கவில்லை. தாம் ஒருவரே கொடுப்பவராகவும், கணக்குப்பிள்ளையாகவும், குமாஸ்தாவாகவும் இருந்தார். ஓய்வு பெற்று மாதச் சம்பளம் நின்றுபோகிற காலம் வந்தபோதுதான் ‘பாலம்’ என்ற அமைப்பு சென்னையில் உருவாயிற்று. கொடுக்க விரும்புகிறவருக்கும் பெற வேண்டியவருக்கும் நடுவே நிற்பதுதான் அதன் வேலை. தனி மனிதர் ஒருவரின் தியாகம் அவருடைய சம்பளத்தோடு முடிந்துவிடும் என்பதையும், அதற்கு மேல் தர்மம் ஓட வேண்டுமானால் பிறருடைய பணமும் பிறருடைய நம்பிக்கையும் வேண்டும் என்பதையும், தம்மைப் போல் தியாகம் செய்யும்படி பிறரை வற்புறுத்தாமலே அவர் புரிந்துகொண்டிருந்தார் என்று நமக்குப் படுகிறது.

டிரஸ்ட் ஆரம்பிக்க எண்ணுகிற நண்பர்களில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கொடுத்துப் பழகுவதற்கு முன்பே லெட்டர்ஹெட் அச்சடித்துவிடுகிறார்கள்.

ஆய்க்குடியில் ஓர் ஓலைக் கொட்டகை

தாமிரவருணியில் சீவலப்பேரி அருகே வந்து கலக்கிறது சிற்றாறு. அந்தச் சிற்றாற்றில் கலக்கிறது அனுமன் நதி. அந்த நதிக்கரையில் இருக்கிறது ஆய்க்குடி. 2019-இல் தென்காசி மாவட்டம் பிரியும் வரையில் திருநெல்வேலி மாவட்டத்து ஊர். கடையெழு வள்ளல்களில் ஒருவனாகிய ஆய் அண்டிரன் இருந்தாண்ட ஆய்க்குடி இதுதான் என்பது ஊராரின் நம்பிக்கை. அவனை மிகுதியாகப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் உடற்குறையுள்ளவர் என்று அவர் பெயரைக் கொண்டு அறிஞர்கள் கருதுவர். இந்த இரண்டு செய்திகளும் ஓர் ஊரில் வந்து கூடுவது தற்செயல்தான். ஆனால் இப்போது நாம் சொல்லப் போகிற மனிதரின் கதையை அறிந்தவர்களுக்கு அந்தத் தற்செயலைச் சும்மா விட்டுவிட மனம் வராது.

1975 ஜனவரி 10-ஆம் தேதி. கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் நான்காம் வருஷம் படித்துக்கொண்டிருந்த ஆய்க்குடி இளைஞர் எஸ். ராமகிருஷ்ணன், கடற்படை அதிகாரி உத்தியோகத்துக்கான தேர்வுக்குப் பெங்களூர் சென்றிருந்தார். உடல் வலிமையைச் சோதிக்கும் பயிற்சிகளில் கடைசியானதில் உயரத்திலிருந்து விழுந்தார், முதுகுத்தண்டு முறிந்தது, கழுத்துக்குக் கீழே உடல் செயலற்றுப் போயிற்று. ராணுவ மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் அமர்ஜித் சிங் சாஹல் என்ற விமானப்படை மருத்துவர் ஒருவர். உடலை நிமிர்த்த முடியாத இடத்தில் அவர் இளைஞரின் மனத்தை நிமிர்த்தினார். ஊர் திரும்பிய ராமகிருஷ்ணன், ஐக்கிய நாடுகள் சபை ஊனமுற்றோருக்கான சர்வதேச ஆண்டாகப் பிரகடனம் செய்த 1981-இல், அந்த மருத்துவரின் பெயரையே சூட்டி, ஓர் ஓலைக் கொட்டகையில், ஐந்து குழந்தைகளோடு அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார்.

ஐந்து குழந்தைகள், ஓர் ஓலைக் கொட்டகை, எழுந்து நிற்க முடியாத ஸ்தாபகர். இதைக் கேட்டவுடன் கண்ணில் நீர் வருவது இயல்பு. நன்கொடை திரட்டுகிறவர்கள் அந்தக் கண்ணீரைத்தான் நாடுவார்கள். ஆனால் அந்தச் சங்கம் நாற்பது வருஷங்களுக்கு மேல் நிலைத்ததற்குக் கண்ணீர் காரணமன்று. 1992-இல் இன்னொருவர் அதில் வந்து சேர்ந்தார். சென்னையில் பட்டயக் கணக்காளராகத் தொழில் நடத்திவந்த எஸ். சங்கரராமன், தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்பவர். ஸ்தாபகர் கனவு காண்பவர், வந்து சேர்ந்தவர் கணக்குப் பார்ப்பவர். இந்தச் சேர்க்கையில்தான் ஆய்க்குடியின் ரகசியம் இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம். ஏழைகளிடம் இரக்கம் உள்ளவர்கள் இந்த மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. அந்த இரக்கத்தை மார்ச் 31-ஆம் தேதி முடியும் வருஷக் கணக்காக மாற்றத் தெரிந்தவர்கள்தான் அருமை.

இன்று ஆய்க்குடியில் ஏறத்தாழ 30 ஏக்கர் வளாகத்தில், ஊனமுள்ள குழந்தைகளும் இல்லாத குழந்தைகளும் ஒரே வகுப்பில் அமரும் சிவசரஸ்வதி வித்யாலயம், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குத் தனிப்பள்ளி, செயற்கைக் கால்களும் சக்கர நாற்காலிகளும் செய்யும் பட்டறை, முதுகுத்தண்டு முறிந்தவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி முதலியவை நடைபெறுகின்றன. இவற்றைவிட நம்மைக் கவர்ந்தது வளாகத்துக்கு வெளியே நடக்கும் காரியம். குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை, நடை வரவில்லை என்று தாய் கவலைப்படத் தொடங்கும் ஆரம்பப் பருவத்திலேயே, பயிற்சி பெற்ற பெண்கள் வீட்டு வாசலுக்குச் சென்று, கையிலுள்ள கணினிப் பலகையின் உதவியால் தூரத்து மருத்துவ நிபுணரின் யோசனையைக் கேட்டு, அந்தக் குழந்தைக்கும் தாய்க்கும் பயிற்சி தருகிறார்கள். ஊனத்தை அறியாமல் விட்டுவிட்ட வீட்டில், பிள்ளைக்காகத் தாய் கூலி வேலையை விட வேண்டும். தாய் வேலையை விட்டால் மூத்த பெண்ணின் படிப்பு நிற்கும். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகப் போகும் வறுமையை, ஆரம்பத்திலேயே தடுத்து நிறுத்துகிற முயற்சி அது. ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இந்த வரலாற்றிலிருந்து புதிதாகத் தொடங்குகிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றே ஒன்று என்று நமக்குத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் கையெழுத்திட வேண்டும். ஆறு பேர் சுலபமாகக் கிடைப்பார்கள்: ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், பாத்திரக்கடை முதலாளி, வக்கீல், வங்கி மானேஜர், டாக்டரின் மனைவி, வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர். ஏழாவதாகக் கையெழுத்திடுகிறவர் யார்? எந்த ஜனங்களுக்காகச் சங்கம் ஏற்படுகிறதோ அவர்களில் ஒருவர் அந்த ஏழு பேரில் இல்லாவிட்டால், அந்தச் சங்கம் ஐந்து வருஷம் கழித்து யாருக்காக நடக்கும் என்பதை ஊகிப்பது கஷ்டமன்று. ஆய்க்குடியில் ஸ்தாபகரும் காரியதரிசி சங்கரராமனும் சக்கர நாற்காலியில் இருந்தபடியால், படிக்கட்டை எங்கே இடித்துச் சாய்தளம் போட வேண்டும் என்று அங்கே எவரும் கமிட்டி வைத்து விவாதிக்கத் தேவை நேரவில்லை.

---
பெட்டிச் செய்தி: பதிவு செய்கிறவர்கள் கவனிக்க

சங்கம்: 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி மாவட்டப் பதிவாளரிடம் பதிவு. குறைந்தது 7 பேர். பைலா, மினிட் புத்தகம், வருஷாந்தரப் பொதுக்கூட்டம், தணிக்கை செய்த கணக்கு ஆகியவை கட்டாயம்.

டிரஸ்ட்: ஸ்தாபகர் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. நடத்துவது சுலபம், ஒரே குடும்பத்தின் சொத்தாக மாறிவிடுவதும் சுலபம்.

கம்பெனி: 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவு. லாபத்தைப் பங்கிட முடியாது.

வரிச்சலுகை: 12ஏ, 80ஜி என்று வழங்கப்படும் பதிவுகள் 2021 முதல் கால வரம்புக்கு உட்பட்டவை, புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வருமானத்தில் 85 சதவீதத்தைத் தர்ம காரியத்துக்குச் செலவிட வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை இல்லை.

வெளிநாட்டுப் பணம்: 2010-ஆம் ஆண்டுச் சட்டமும் 2020-ஆம் ஆண்டுத் திருத்தமும் பொருந்தும். அனுமதியின்றி ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. பணம் புதுடில்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையின் கணக்குக்கே முதலில் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.
---

நல்ல எண்ணத்தின் பின்விளைவுகள்

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மைத்துனர் அனுப்பும் பணத்தைச் சங்கத்தின் கணக்கில் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணுகிறவர்கள் மேற்கண்ட பெட்டியின் கடைசிப் பத்தியை இரண்டு தடவை படிப்பது நல்லது. மைத்துனர் இந்தியப் பிரஜையாக இருந்து தம் சொந்தச் சம்பாத்தியத்தை அனுப்பினால் அது வேறு விஷயம். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவரானால் அது வெளிநாட்டுப் பணமே. நல்ல எண்ணம் சட்டத்துக்கு விலக்காகாது.

சட்டத்தைவிடக் கடினமானது சம்பளப் பிரச்சினை. நோட்டுப் புத்தகம் வாங்கப் பணம் கேட்டால் கொடுக்காதவர் இல்லை, அன்னதானத்துக்குக் கேட்டால் வரிசையில் நின்று கொடுப்பார்கள், ஊனமுற்ற குழந்தைக்குப் பயிற்சி அளிக்கும் பிஸியோதெரபிஸ்டுக்கு மாதச் சம்பளம் என்று கேட்டால், “சேவைக்குச் சம்பளமா?” என்று முகம் சுளிப்பார்கள். இதன் விளைவு என்னவென்றால், ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஒரே குழந்தைக்கு நாலு சங்கங்களிலிருந்து நோட்டுகள் வந்து குவியும். நவம்பரில் அதே குழந்தை பஸ்ஸுக்குக் காசில்லாமலோ, அம்மாவோடு பீடி சுற்ற உட்கார்ந்துவிட்டதாலோ பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டால், ஏன் என்று வீட்டுக்குப் போய் விசாரிக்க ஒருவரும் இருக்க மாட்டார். விசாரிக்கப் போகிறவருக்குச் சம்பளம் கொடுக்க யாரும் முன்வரவில்லையே. தொண்டர்களின் உற்சாகம் முதல் வருஷம் பொங்கும், இரண்டாம் வருஷம் அடங்கும், மூன்றாம் வருஷம் அவர்களுக்குக் கல்யாணமாகிவிடும்.

இந்தச் சிக்கலை வேறு விதமாக அவிழ்த்தவர், பழைய திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கண் அறுவைச் சிகிச்சையில் தேர்ந்தவரான அவர், அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தபோது, பணம் கொடுக்கக்கூடியவர் கொடுத்த கட்டணத்தின் மிச்சத்திலேயே கொடுக்க முடியாதவருக்கு இலவசச் சிகிச்சை நடக்கும்படி ஏற்பாடு செய்தார். அதனால் நன்கொடையாளரின் முகத்தை எதிர்பார்த்து நிற்க வேண்டிய அவசியம் குறைந்தது. எல்லாச் சேவைக்கும் இது பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆதரவற்ற முதியவர்களிடம் கட்டணம் வாங்க முடியுமா? எனினும் பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிற பெண்களுக்கு உதவ நினைக்கிற ஒரு சங்கம், அவர்களுக்குப் புடவை வாங்கிக் கொடுப்பதைவிட, அவர்கள் பாயை நியாயமான விலைக்கு விற்றுக் கொடுத்து அதில் ஒரு சிறு பங்கைத் தன் நிர்வாகச் செலவுக்கு எடுத்துக்கொள்வதில் அவமானம் எதுவும் இல்லை என்பது நம் துணிபு.

வெள்ளக் காலத்தில் வந்து குவிகிற பழந்துணிகளைப் பற்றியும் சொல்லாமல் விடுவதற்கில்லை. கிழிந்த வேட்டியும், பட்டனற்ற சட்டையும், ஒற்றைக்கால் செருப்பும் நிவாரணம் என்ற பெயரில் மூட்டையாக வந்து இறங்கினால், அவற்றைப் பிரித்து எறியவே தனிப்படை வேண்டியிருக்கும். வாங்கிக்கொள்கிறவருடைய கௌரவத்தை எண்ணிப் பார்ப்பவருக்கு இது தோன்றாமல் இராது. ஐந்து கிலோ அரிசிப் பையை வாங்குகிற மூதாட்டியை, அந்தப் பையை ஆறு பேர் பிடித்துக்கொண்டு நிற்கும் போட்டோவுக்காக வெயிலில் காக்க வைப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே. கொடுத்ததற்கு அத்தாட்சி வேண்டுமென்றால் ரசீதில் ஒரு கைநாட்டு போதும்.

ஸ்தாபகருக்குப் பின் என்ன? இதைப் பேசுவது அமங்கலம் என்று நம்மவர்கள் தள்ளிப்போடுகிறார்கள். டிரஸ்ட் பத்திரத்தில் மகனையும் மருமகளையும் டிரஸ்டிகளாகப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம். ஸ்தாபனம் கலைந்தால் அதன் சொத்து அதே நோக்கமுள்ள வேறொரு தர்ம ஸ்தாபனத்துக்கே போக வேண்டும், யாரும் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது என்ற ஷரத்தை முதல் நாளே எழுதிவைப்பது நல்லது. வரிச்சலுகை கேட்டு விண்ணப்பிக்கும்போது அதிகாரிகளும் அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

இவ்வளவையும் கேட்டபின் ஒரு நண்பர், “அப்படியானால் ஆரம்பிக்கவே வேண்டாம் என்கிறீர்களா?” என்று கேட்கக்கூடும். பலருக்கு அதுதான் நம் பதில். ஏற்கெனவே நன்றாக நடந்துகொண்டிருக்கிற ஸ்தாபனத்தில் சேர்ந்து, அங்கே கணக்கு எழுதவோ, வாரம் ஒரு நாள் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கவோ முன்வருகிறவர், தம் தாயார் பெயரில் புதிதாக ஒரு டிரஸ்ட் தொடங்குகிறவரைவிட அதிக தர்மம் செய்கிறார். வேறெவரும் செய்யாத காரியம் ஒன்று தம் ஊரில் கிடக்கிறது என்று கண்ணால் கண்டவர் மட்டும் ஆரம்பிக்கட்டும்.

சோறும் உரிமையும்

அப்படிக் கிடக்கும் காரியங்கள் நம் மாவட்டத்தில் இல்லாமல் இல்லை. மணிமுத்தாற்றுக்கு மேலே மாஞ்சோலை மலையில், சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்த 8,300-க்கும் மேற்பட்ட ஏக்கர் நிலத்தில், பம்பாய் பர்மா கம்பெனியின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த தொழிலாளர்கள், கூலி உயர்வு கேட்டு 1999 ஜூலை 23-ஆம் தேதி திருநெல்வேலிக்கு ஊர்வலமாக வந்தபோது, போலீஸ் தடியடியில் சிதறித் தாமிரவருணியில் விழுந்து 17 பேர் மாண்டார்கள். தாயின் இடுப்பிலிருந்த சிறு குழந்தையும் அதில் அடக்கம். அன்று அவர்கள் கேட்டது தர்மமன்று, கூலி. அதற்கு எந்தச் சங்கமும் அரிசி மூட்டையால் பதில் சொல்லியிருக்க முடியாது; சொல்லியிருந்தால் அது தர்மத்துக்கே இழிவாக முடிந்திருக்கும்.

2028-இல் அந்தக் குத்தகை முடிகிறது. 2024-இலேயே கம்பெனி விருப்ப ஓய்வு என்று அறிவித்துத் தொழிலாளர்களைக் கணக்குத் தீர்த்துவிட்டது. மலையில் பிறந்து, மலையிலேயே பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய், எஸ்டேட் லயத்தைத் தவிர வேறு வீடு அறியாத குடும்பங்கள் சமவெளிக்கு இறங்கும்போது, அவர்களுக்கு வீடும் நிலமும் கொடுக்க வேண்டியது அரசாங்கம். அதற்காகக் கோர்ட்டிலும் வீதியிலும் வாதாட வேண்டியவர்கள் அவர்களும் அவர்களுடைய தொழிற்சங்கங்களும். நாலு நண்பர்கள் சேர்ந்த சிறு சங்கம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள முயன்றால் கெடுதலே விளையும்.

ஆனால் அதற்குக் கீழே, யாருடைய கண்ணிலும் படாத சில்லறைக் காரியங்கள் நிறைய இருக்கின்றன. ரேஷன் கார்டைப் புது விலாசத்துக்கு மாற்ற வேண்டும். பள்ளி மாறும் பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் வேண்டும். சான்றிதழில் தகப்பனார் பெயர் ஓர் எழுத்துப் பிசகினால் மறுபடியும் தாலுகா ஆபீஸ். விதவைக்கு ஓய்வூதிய மனு. வைப்பு நிதிக் கணக்கில் ஆதார் எண் சேரவில்லை என்ற தகராறு. கீழே முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றும் பெண்களின் கதையும் இதுவேதான்: தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு மத்திய அரசாங்கத்தின் உதவித்தொகை உண்டு, அட்டை இருந்தும் விண்ணப்பிக்கத் தெரியாமல் தேதி தாண்டிவிடுகிறது. விண்ணப்பம் கணினி வழியே போக வேண்டும். பிரௌசிங் சென்டரில் கேட்கிற தொகை ஒரு நாள் கூலி.

இதைச் செய்ய டிரஸ்ட் வேண்டியதில்லை, நிதி திரட்ட வேண்டியதில்லை, லெட்டர்ஹெட்டும் வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு பேர், ஒரு பழைய லேப்டாப், பஸ் ஸ்டாண்ட் பக்கம் யாராவது இரவல் கொடுக்கிற ஒரு திண்ணை, தாலுகா ஆபீஸ் திறக்கிற நாட்களில் அம்பாசமுத்திரம் போய்வரச் சில்லறை, யார் மனு எந்தத் தேதியில் எந்த மேஜைக்குப் போயிற்று என்று எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம், இவை போதும். ஒரு வருஷம் இப்படி நடத்திப் பார்த்தபின், மனுக்களின் எண்ணிக்கை இரண்டு பேரால் சமாளிக்க முடியாதபடி பெருகினால், அப்போது மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகலாம். அந்த நோட்டைப் புரட்டினால், கையெழுத்திட வேண்டிய ஏழு பேரில் இரண்டு மூன்று பேருடைய பெயர் அதிலேயே கிடைத்துவிடும்.